குற்றவாளி வீட்டு அடுப்பு

உயிருணவு நிலையத்தை எதற்காகக் கொண்டுபோய் அந்தப் பனி ஊரில் கட்டினார்கள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு இயக்குநர் பதில் வைத்திருந்தார். வெயிலடிக்கும் ஊரில் பச்சைக் காய்கறி தின்று உயிரோடு இருப்பதில் என்ன பெருமை, மாடுகூட அதைத்தான் செய்கிறது என்பார். ஜன்னலில் பனி உறைந்து கிடக்கும் ஊரில், அடுப்பையே பார்க்காத ஒரு மனிதன் கன்னம் சிவக்க நடந்து போனால் அதுதான் விஞ்ஞானம். அரசாங்கமும் தலையாட்டிவிட்டது. அந்த ஊரில் நிலம் சும்மா கிடந்தது என்பது வேறு விஷயம்.

நம் ஸ்டோர்கீப்பர் அங்கே மாற்றலாகி வந்தபோது குளிர்காலம் தொடங்கியிருந்தது. கையில் ஒரு பெட்டி, கழுத்தில் மனைவி பின்னிக்கொடுத்த மஃப்ளர். மனைவியையும் மகளையும் அவள் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். மச்சான் தங்கமான மனிதர். மச்சானின் மனைவியும் நல்லவர்தான். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சிலிருந்து இரண்டு பேரையும் எப்படியாவது மீட்டுக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பதுதான் ஸ்டோர்கீப்பரின் ஒரே கவலை.

அதற்கு வழியும் இருந்தது. நிலையத்தின் பின்னால் செங்கல் வீடுகள் வரிசையாக நின்றன. குடும்பத்தோடு இருக்க அவற்றில் ஒன்று கிடைக்கும். ஆனால் ஒரு நிபந்தனை. பச்சை உணவை மட்டுமே தின்று 'தூய வயிறு' என்று அங்கீகாரம் பெற்றவருக்குத்தான் வீடு. அன்றைக்கே மனைவியிடம் போனில் சொன்னார். அவள் கேட்ட முதல் கேள்வி, "அடுப்பு இருக்கா?"

"உள்ள போய்ப் பார்க்கலை. புகைபோக்கி இருக்கு."

"புகைபோக்கி இருந்தா அடுப்பும் இருக்கும். நீங்க எதையாவது தின்னு வீட்டை வாங்கிடுங்க."

எதையாவது தின்பது அவ்வளவு சுலபமில்லை என்று முதல் நாள் மதியமே தெரிந்துவிட்டது. தட்டில் ஒரு கேரட் வைத்தார்கள். கடித்தார். கேரட் அசையவில்லை, பல்தான் அசைந்தது. லாரியில் பனிவழியே வரும் காய்கறிகள் எல்லாம் கல்லாகத்தான் வந்து சேரும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணக்கு அம்மா, நக்கிக்கொண்டே இருங்கள், சாயங்காலத்துக்குள் இளகிவிடும் என்று யோசனை சொன்னார்.

அப்போதுதான் இயக்குநர் எழுந்து பேசினார். புதிதாக யார் வந்தாலும் பேசுவாராம். ஒல்லியான, உயரமான மனிதர். ஸ்வெட்டரின் மேல் ஸ்வெட்டர். மூக்கு நுனி நீலம் பாரித்திருந்தது.

"மனுஷன் நெருப்பைக் கண்டுபிடிச்சான். சிங்கத்தை விரட்டினான். சரி, நியாயம். கத்திரிக்காய் என்ன பண்ணுச்சு, அதை ஏன் போட்டு வாட்டணும்? வேகவெச்சது எல்லாம் பிணம். நான் பல வருஷமா சூடா எதையும் தொட்டதில்லை. எனக்குக் குளிரே தெரியறதில்லை. கை கால் இருக்கறதே தெரியறதில்லைன்னா பார்த்துக்குங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டினால் விரல்களில் கொஞ்சம் ரத்தம் ஓடும் என்பதால் நீண்ட நேரம் தட்டினார்கள்.

இந்தக் கல் காய்கறியை என்ன செய்வது என்பது நிலையத்தின் தீராத தலைவலி. ஒருநாள் கண்காணிப்பாளர் ஒரு முட்டைக்கோஸைச் சுவரோரம் இருக்கும் வெப்பக் குழாயின் மேல் வைத்துவிட்டார். கட்டடத்துக்கு அடித்தளத்தில் ஒரு பாய்லர் உண்டு. பயறு முளைப்பதற்காகச் சூடு வேண்டும் என்று இயக்குநரே அனுமதித்தது. பயறுக்குத்தான் அனுமதி, முட்டைக்கோஸுக்கு இல்லை. குழாயில் வைத்து இளக்குவது சமையலா இல்லையா என்று தீர்மானிக்க ஒரு நிபுணர் குழு போட்டார்கள். குழு கதவைச் சாத்திக்கொண்டு, வெப்பக் குழாய்க்குப் பக்கத்திலேயே நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு, நாள் கணக்கில் விவாதித்தது. கடைசியில் தீர்ப்பு வந்தது. இரும்பிலிருந்து வரும் சூடு செத்த சூடு. உடம்பிலிருந்து வரும் சூடு உயிருள்ள சூடு. ஆகவே காய்கறியை உடம்பில் வைத்து இளக்கலாம்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அரவணைப்பு மணி அடிக்கும். அடித்ததும் அவரவர் காயை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் வேலை பார்க்க வேண்டும். அதிலும் பதவி வரிசை உண்டு. அதிகாரிகளுக்குத் தக்காளி, சீக்கிரம் இளகிவிடும். அடுத்த நிலைக்கு வெள்ளரிக்காய். குமாஸ்தாக்களுக்கு முட்டைக்கோஸ். ஸ்டோர்கீப்பர் புதியவர் ஆகையால் அவருக்குப் பூசணிக்காய். அக்குளில் அடங்காது. கோட்டுக்குள் வயிற்றோடு கட்டிக்கொண்டு நிறைமாதக் கர்ப்பிணி போல மூட்டைகளுக்கு நடுவே நடமாடினார். கண்காணிப்பாளர் ஒருமுறை தும்மியதில் இரண்டு பக்கமும் தக்காளி நசுங்கிச் சட்டையெல்லாம் சிவப்பாகிவிட, ரத்தம் என்று பயந்து அவரைப் படுக்கவைத்து விசிறினார்கள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று கத்தியது, பாவம், விசிறியைத்தான்.

இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று மனைவி போனில் கேட்டாள். பூசணிக்காயை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றார். அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "அண்ணன்கிட்ட இதைச் சொல்லிடாதீங்க" என்றாள்.

பூசணிக்காயிலிருந்து அவரைக் காப்பாற்றியது அவருடைய மூக்கு. சரக்கறையைப் பார்வையிட இயக்குநர் வந்தபோது, கட்டிய மூட்டையைக் காட்டி இதற்குள் ஒரு முள்ளங்கி அழுகியிருக்கிறது என்றார் ஸ்டோர்கீப்பர். பிரித்துப் பார்த்தால் அடியில் ஒன்றே ஒன்று அழுகிக் கிடந்தது. இயக்குநர் மெய்சிலிர்த்துப்போனார். இப்படி ஒரு மூக்கை முள்ளங்கிக்குச் செலவழிப்பதா என்று அங்கேயே அவரை வாசனை அலுவலர் ஆக்கிவிட்டார்.

வேலை இதுதான். மதியத்துக்கு மேல் வாசலில் நிற்க வேண்டும். ஒவ்வொருவராக வந்து அவர் முகத்துக்கு நேரே 'ஹா' என்று ஊதுவார்கள். சமைத்த வாசனை வந்தால் உடனே சொல்ல வேண்டும். அகப்பட்டவருக்கு என்ன தண்டனை என்பதை இயக்குநரே எழுதி, கூட்டம் போட்டு வாசித்தார். அந்த ஆள் இனி உயிருணவைத் தொடத் தகுதியற்றவன். சாப்பாட்டு அறையில் சுவரைப் பார்த்த மேசையில் தனியாக உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க, மூன்று வேளையும் சமைத்த உணவை, அதுவும் ஆவி பறக்கச் சூடாகத் தின்ன வேண்டும். அவன் வீட்டில் அரசாங்கமே ஒரு அடுப்பு வைத்துத் தரும். பதவி போய்விடும். அந்த அவமானத்திலேயே அவன் திருந்த வேண்டும். வாசிக்கும்போதே இயக்குநருக்கு உடம்பு நடுங்கியது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஏனோ எச்சில் விழுங்கினார்கள். பதவி போகும் என்ற ஒரு வரி மட்டும் இல்லாவிட்டால் அன்றைக்கே பாதிப் பேர் கையைத் தூக்கியிருப்பார்கள்.

முதல் நாள் வாசலில் நின்றார். கணக்கு அம்மா ஊதினார். உருளைக்கிழங்கு, வெங்காயம், மிளகு. ஸ்டோர்கீப்பர் கண்ணை மூடித் திறந்தார். கண்காணிப்பாளர் ஊதினார். அதே உருளைக்கிழங்கு, அதே வெங்காயம், மிளகு கொஞ்சம் தூக்கல். அடுத்தவர், அதற்கடுத்தவர், எல்லோரிடமும் ஒரே பானையின் வாசனை. பசியில் மூக்கு பொய் சொல்கிறது என்றே நினைத்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் கணக்கு அம்மா அவர் பக்கத்தில் வந்து, "பாய்லர் பார்த்துட்டு வரலாம், வாங்க" என்றார். இங்கே எல்லோரும் அடிக்கடி பாய்லர் பார்க்கப் போவதை அவரும் கவனித்திருந்தார். இயந்திரத்தின் மேல் இவ்வளவு அக்கறையா என்று வியந்துமிருந்தார். அடித்தளத்துக்குப் படியிறங்கியதும் வியப்பு தீர்ந்தது. பாய்லரின் தலைமேல் ஒரு பெரிய பானை சாவகாசமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் அலுவலகமே கிண்ணமும் கையுமாக நின்றது. வெள்ளரிக்காய்க்காரர்களும் முட்டைக்கோஸ்காரர்களும் அங்கே தோளோடு தோள் நின்றார்கள்.

பாய்லர்காரர் வளவளவென்று பேசுகிற மனிதர். மிளகைக் கைக்கு வந்தபடி போடுவார். சூப் என்று அதைச் சொல்வது சூப்பை அவமதிப்பது. ஆனால் கிண்ணம் கையில் வந்ததும் ஸ்டோர்கீப்பருக்கு உள்ளங்கை இருக்கிறது என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது. முதல் வாய் நெஞ்சுக்குள் இறங்குவது வழியெல்லாம் தெரிந்தது. வெட்கத்தை விட்டு அழுதார். முதல் நாள் எல்லோரும் அழுவார்கள், இரண்டாவது கிண்ணத்தில் சரியாகிவிடும் என்றார் பாய்லர்காரர்.

"எல்லாரும் இங்க வந்துடறாங்க, ஒருத்தரைத் தவிர" என்றார் பிறகு.

ஸ்டோர்கீப்பர் மேலே, இயக்குநர் அறை இருக்கும் பக்கம் பார்த்தார். பாய்லர்காரரே சொன்னார்: "பாவம், அவர் நெஜமாவே நம்பறார்."

குளிர் முற்ற முற்ற நிலையத்தில் எல்லோருடைய கன்னமும் ஆப்பிள் போல ஆனது. இயக்குநருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. உயிருணவின் வெற்றி என்று தலைநகருக்கு எழுதினார், படம் எடுத்து அனுப்பினார். படத்தில் அவர் மட்டும் இல்லை. ஒரு மதியம் ஸ்டோர்கீப்பரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"என்னை மோந்து பாருங்க" என்றார்.

ஸ்டோர்கீப்பர் குனிந்தார். முட்டைக்கோஸ். அதற்கு அடியில் குளிர். வேறொன்றும் இல்லை.

"தூய வயிறுதான் சார்."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் இப்படி? உங்களுக்கெல்லாம் எவ்வளவு ரத்தம் ஊறுது. நான் எங்கயோ தப்பு பண்றேன். சரியா மெல்லறதில்லை போல." கொஞ்சம் தயங்கிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நேத்து ஒரு கனவு. ஒரு கிண்ணம். உள்ள என்னன்னு நான் பார்க்கலை. சத்தியமா பார்க்கலை. ஆவி மட்டும் வந்துட்டே இருந்தது. அதையே பார்த்துட்டு நின்னேன். அது குத்தமா?"

குற்றமில்லை என்று ஸ்டோர்கீப்பர் சொன்னார். கையைப் பிடித்துப் பாய்லர் பார்க்க அழைத்துப் போய்விடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இந்த மனிதரை நன்றாகத் தெரியும். பானையைப் பார்த்த கணமே நிலையத்தை இழுத்து மூடிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். வீடு போய்விடும். மச்சானின் மனைவி இன்னும் எத்தனை பெருமூச்சு விடுவாரோ. வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தார். அன்று சூப் இறங்கவில்லை. தன்னைப் பார்த்துத் தனக்கே கேவலமாக இருந்தது.

படத்தைப் பார்த்துவிட்டுத் தலைநகரிலிருந்து ஆய்வுக்குழு வந்தது. குழுத் தலைவர் கனத்த உடம்புக்காரர். கம்பளிக் கோட்டுக்குள்ளிருந்து முகம் மட்டும் தெரிந்தது. சாப்பாட்டு அறையில் ஊழியர்களை வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருவர் கன்னத்தையும் கிள்ளிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார். வரிசையின் கடைசியில் இயக்குநர். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தலைவர் கிள்ளப் பார்த்தார். கிள்ளுவதற்குக் கன்னம் இல்லை.

தலைவர் கொஞ்ச நேரம் யோசித்தார். யோசித்ததை எல்லோருக்கும் விளக்கினார்.

"பச்சையா சாப்பிட்டா கன்னம் செவக்கும். இது நிரூபணம் ஆயிடுச்சு, கண் முன்னாடி நிக்குது. இவருக்குச் செவக்கலை. அப்ப இவர் பச்சையா சாப்பிடலை. இதுக்கு மேல விஞ்ஞானம் தெரியணும்னு அவசியமில்லை. எனக்கும் தெரியாது. வாசனை அலுவலர் யாரு, கூப்பிடுங்க."

ஸ்டோர்கீப்பர் முன்னால் வந்தார். இயக்குநர் எந்தச் சஞ்சலமும் இல்லாமல் வாயைத் திறந்து ஊதினார். காலையில் தின்ற முட்டைக்கோஸ்.

உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி மற்றவர்களைப் பற்றி வரும். பானை வெளியே வரும், நிலையம் போகும், வீடு போகும். பொய் சொன்னால் இந்த இடத்தில் பொய்யே தெரியாத ஒரே மனிதர் குற்றவாளி ஆவார். ஸ்டோர்கீப்பர் தலைகுனிந்தபோது இயக்குநரின் விரல்கள் கண்ணில் பட்டன. நகமெல்லாம் கத்திரிக்காய் நிறம். மூன்று வேளையும், ஆவி பறக்க, என்ற வரி மனசில் ஓடியது.

"சூப் வாசனை வருது சார். உருளைக்கிழங்கு. மிளகு கொஞ்சம் தூக்கல்."

அதை இரக்கப்பட்டுச் சொன்னாரா, வீட்டுக்காகச் சொன்னாரா என்று அவருக்கே இன்றுவரை தெரியாது.

இயக்குநர் அவரையே பார்த்தார். கோபப்படுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரோ மெல்லத் தலையசைத்தார். "இருக்கலாம். அந்த மூக்கு தப்பு பண்ணாது. கனவுல குடிச்சிருப்பேன்."

அவர் எழுதிய தண்டனை அவருக்கே நிறைவேறியது. சுவரைப் பார்த்த மேசையில் உட்காரவைத்தார்கள். சமைக்கத் தெரிந்தவர் யார் என்று தலைவர் கேட்டதும், பாய்லர்காரர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கி, எப்போதோ கேள்விப்பட்டிருக்கிறேன் என்றார். கிண்ணம் வந்தது. இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு முதல் கரண்டியை வாயில் வைத்தார். முதலில் காது மடல் சிவந்தது. பிறகு கழுத்து, பிறகு முகம் முழுக்க.

"பாருங்க, எவ்வளவு வெட்கப்படறார்" என்றார் தலைவர். "செஞ்ச தப்பு முகத்துல தெரியுது."

இயக்குநர் கிண்ணத்தைக் காலி செய்தார். பிறகு சுவரைப் பார்த்தபடியே, தண்டனையைப் பாதியில் நிறுத்துவது சரியில்லை என்று கிண்ணத்தை மறுபடி நீட்டினார்.

போவதற்கு முன் குழு இன்னும் சில நல்ல காரியங்களைச் செய்தது. கண்காணிப்பாளர் இயக்குநர் ஆனார். நிலையத்தில் இனி யாரும் நெருப்பின் பக்கமே போகக் கூடாது என்று அடித்தளத்தைப் பூட்டி, பாய்லர் தானாக ஓடும்படி செய்தார்கள். தண்டனை இனி அவர் வீட்டிலேயே நடக்கட்டும் என்று பானையையும் பாய்லர்காரரையும் குற்றவாளியின் வீட்டுக்கு அனுப்பினார்கள். நேர்மையான மூக்குக்குப் பரிசாக ஸ்டோர்கீப்பருக்கு உடனே வீடு. அதுவும் குற்றவாளி வீட்டுக்கு நேர் எதிரே, கண்காணிக்க வசதியாக.

மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள். பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு மனைவி நேராகச் சமையலறைக்குப் போனாள். போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். தூய வயிற்றுக்கு அடுப்பு எதற்கு என்று குழு அதைப் பெயர்த்து எடுத்துவிட்டிருந்தது. அந்த இடத்தில் பயறு முளைக்கவைக்கும் தட்டுகள் அடுக்கியிருந்தன. புகைபோக்கி மட்டும் மேலே ஓட்டையாக இருந்தது. அதன் வழியே பனி உள்ளே விழுந்தது.

அவள் சண்டை போடவில்லை. ஜன்னல் வழியே எதிர்வீட்டைப் பார்த்தாள். அங்கே புகைபோக்கியிலிருந்து புகை சுகமாகப் போய்க்கொண்டிருந்தது.

"எதிர்ல யாருங்க இருக்காங்க?"

"குற்றவாளிம்மா."

மகளை ஸ்வெட்டரோடு சேர்த்துப் போர்வையில் சுற்றியபடி அவள் அமைதியாகச் சொன்னாள்: "அப்ப நீங்களும் போய் ஒரு குத்தம் பண்ணிட்டு வாங்க."

ஸ்டோர்கீப்பர் அப்படியே புறப்பட்டுப் போனார். புதிய இயக்குநரின் அறையில், குளிர்காலம் தொடங்கியதிலிருந்து நான் சூப் குடித்துத்தான் உயிரோடு இருக்கிறேன், என்னைத் தண்டியுங்கள் என்றார். புதிய இயக்குநரின் கன்னத்தில் ஆப்பிள் போய்ச் சாம்பல் பூத்திருந்தது. இரண்டு அக்குளிலும் தக்காளி.

"எல்லாரும் வந்து சொல்லிட்டுப் போயாச்சு" என்றார் அலுப்பாக. "கணக்கு அம்மா அழுதுட்டே ஒத்துக்கிட்டாங்க. பதவி வேண்டாங்கறாங்க. நான் என்ன பண்ணட்டும்? குற்றவாளி இடம் ஒண்ணுதான் ஒதுக்கியிருக்காங்க. அடுப்பும் ஒண்ணுதான். அது நிரம்பியிருக்கு. காலியானா பதவி வரிசைப்படி பார்ப்போம்." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு சேர்த்துக்கொண்டார்: "எனக்கப்புறம்தான் நீங்க."

வீட்டுக்குத் திரும்பினால் உள்ளே யாரும் இல்லை. வாசல் பனியில் பெரிய காலடியும் சின்னக் காலடியும் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போயிருந்தன. ஸ்டோர்கீப்பருக்கு அந்த வாசலை மிதிக்கக் கூசியது. ஆனால் உள்ளேயிருந்து வந்த வாசனையை அவர் மூக்கு விலாவாரியாக எடுத்துச் சொன்னது. கால் தானாகப் போனது.

அடுப்போரம் மனைவி வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். மிளகு டப்பாவைப் பாய்லர்காரரிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தாள். மகள் ரொட்டியைச் சூப்பில் முக்கி, மோவாயெல்லாம் வழியத் தின்றுகொண்டிருந்தாள். மேசையின் தலைப்பக்கத்தில் பழைய இயக்குநர். ஒரே ஒரு ஸ்வெட்டர்தான் போட்டிருந்தார். கன்னத்தை இப்போது தாராளமாகக் கிள்ளலாம்.

"வாங்க வாங்க, உக்காருங்க" என்று அவரே கிண்ணத்தில் ஊற்றி வைத்தார்.

ஸ்டோர்கீப்பர் உட்கார்ந்தார். கிண்ணத்தைத் தொட முடியவில்லை. தன்னால் அவமானப்பட்ட மனிதர் தன் பெண்டாட்டி பிள்ளைக்குச் சோறு போடுகிறார் என்ற நினைப்பு உறுத்தியது. இனிமேல் வீடு இருந்தால் என்ன, போனால் என்ன என்று தோன்றிவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"சார், நான் அன்னைக்குப் பொய் சொன்னேன். உங்ககிட்ட சூப் வாசனை வரலை. வெறும் முட்டைக்கோஸ் வாசனைதான். அந்த அறையிலேயே நீங்க ஒருத்தர்தான் குத்தம் பண்ணாதவர்."

இயக்குநரின் கரண்டி பாதியில் நின்றது. அவர் எழுந்து போய் ஜன்னல் சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று தள்ளிப் பார்த்தார். கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டார். பிறகு வந்து உட்கார்ந்து, கிண்ணத்தை இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"மெதுவா பேசுங்க" என்றார். "யார் காதுலயாவது விழுந்தா என்னை விடுதலை பண்ணிடுவாங்க."